சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்த நாள்

1

கேள்வியைக் கேட்காமலே பதில் சொல்கிற மடையன் ஒருவனை நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்புறத் தெருவில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான்; வந்து பார்க்கலாம். அது நான்தான். இரண்டு கால்களில் இரண்டு வேறு செருப்புகளோடு பூந்தமல்லிச் சாலையில் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போன ஐம்பது வயதுக்காரனும் நானேதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு எழுதுவது சுலபம். என் மனைவி சரசு சொல்வாள்: "உங்கட விசரை நீங்களே சொல்லிப்போட்டால் மற்றவைக்கு வேலை மிச்சம்."

நாங்கள் மூன்று பேரும் யாழ்ப்பாணத்தை விட்டு இந்தச் சென்னைப் புறநகருக்கு வந்து இந்த மாதத்தோடு ஆறு வருஷம் ஆகிறது. வரும்போது மகன் நிர்மலனுக்குப் பதினொரு வயது. இப்போது பதினேழு. இடைப்பட்ட காலத்தில் அவன் தானாக எடுத்த முடிவு என்று ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் நான்தான் எடுத்தேன். என்ன சட்டை, எந்தப் பக்கம் வகிடு, எந்த வழியால் பள்ளிக்கூடம். கிரிக்கெட் விளையாடப் போனால் மட்டை பிடிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். மட்டை பிடிக்கிறவன் ஒரே இடத்தில் நிற்பான். பந்து பொறுக்கப் போகிறவன் எவ்வளவு தூரம் போவான் என்று யாருக்குத் தெரியும்?

2

இந்த ஊரில் நான் வாயைத் திறப்பதே எனக்கு ஆபத்து. வந்த புதிதில் ஒரு கண்டக்டர் "எறங்கு, எறங்கு" என்று அவசரப்படுத்தினார். "பொறுங்கோ, ஆறுதலாய் இறங்கிறன்" என்றேன். நமக்கு ஆறுதல் என்றால் நிதானம். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆறுதலா? யார்னா பூட்டாங்களா சார்?" பஸ் முழுக்க என்னைத் துக்க வீட்டுக்காரனாகப் பார்த்தது. ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்துப் பத்திரமாக இறக்கிவிட்டார். நானும் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன். அவர் மனம் நோகக் கூடாதல்லவா.

போலீஸ் ஸ்டேஷனில் நடந்தது இதைவிடப் பெரியது. எங்கள் ஆட்கள் அங்கே போய்ப் பதிய வேண்டும்; வேறு இடத்தில் இரவு தங்குவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பதிந்துகொண்டிருந்த ரைட்டர், "அங்க இன்னா வேல பாத்தே?" என்றார்.

"கச்சேரியிலை இருந்தனான், ஐயா."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கச்சேரி என்றால் நமக்கு அரசாங்க அலுவலகம். நான் அங்கே காணிப் பகுதியில் கிளார்க். ரைட்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"கச்சேரியா? இன்னா வாசிப்பே, மிருதங்கமா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் எனக்கு எந்த நாட்டிலும் நாக்கு எழுவதில்லை. தலையை எப்படியோ ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அரசாங்கக் கணக்கில் நான் மிருதங்க வித்வான். யாராவது வாசித்துக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தில் கொஞ்ச நாள் சாப்பாட்டு மேசையில் தட்டிப் பழகினேன். "உள்ளுக்குப் போட்டாலும் பரவாயில்லை, அங்கையும் ஒரு கச்சேரி வைக்கலாம்" என்றாள் சரசு.

போன வருஷம் தேர்தல் கூட்டத்தில் அந்தக் குண்டு வெடித்ததிலிருந்து இந்தச் சிரிப்பும் குறைந்துவிட்டது. எங்கள் பேச்சின் ராகம் கேட்டாலே பஸ்ஸில் தலைகள் திரும்புகின்றன. அதனால் கண்டக்டரிடம் காசை நீட்டி, ஊமை போல விரலைக் காட்டுகிறேன். நிர்மலனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடியில் "அம்மா, போயிட்டு வாறன்" என்பான். படியிறங்கிக் கீழே போய்ச் சேர்வதற்குள், "டேய் ஏழுமல, இன்னாடா பண்ணிகினு கீற" என்று கேட்கும். பாதிப் படியில் யார் என் பிள்ளையை மாற்றி வைக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்ப்பதுண்டு.

3

நான் ஏன் இப்படி ஆனேன் என்பது ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அண்ணரின் மகன் சுதாகரன்; எங்களுக்குச் சுதா. சொல்வழி கேட்கிற பிள்ளை. முதலுதவி வகுப்பு என்று சொல்லித்தான் முதலில் போய்வந்தான். ஒரு நாள் பின்னேரம் அவனுடைய சிநேகிதன் ஒருவன், சுதாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். வேலியில் சாத்தினான். தலை நிமிராமல் திரும்பிப் போனான். ஒரு சொல் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. அந்த நாட்களில் பெடியன் வராமல் சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தால், பெடியன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். அண்ணி வேலியடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணர் கன நாளாக அந்தச் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்துக்கொண்டிருந்தார், அவன் திரும்பி வந்தால் ஓட்டுவதற்கு.

அவன் வரவில்லை.

நிர்மலனுக்கு அந்த வயது வருவதற்கு முன்னால் நான் அவனைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டினேன். இதுதான் என் வீர வரலாறு. மற்றவர்கள் குண்டுக்குப் பயந்து வந்தார்கள். நான் பதினொரு வயதுப் பிள்ளை பெரியவனாகிவிடுவான் என்று பயந்து வந்தேன்.

4

நிர்மலனின் பள்ளிக்கூடம் குமணன்சாவடியில் இருக்கிறது. அங்கே ஸ்டீபன் சார் என்று ஒருவர். ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். கணக்குப் போல இதற்கும் வகுப்பா என்று எனக்கு ஆச்சரியம். ஒரு நாள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"உங்க பையன்கிட்ட நீல மையா கறுப்பு மையான்னு கேட்டாக்கூட, அப்பாவைக் கேட்டுட்டு வரேங்கறான் சார்."

"நல்ல பழக்கம்தானே சார்?"

"பரீட்சை ஹால்ல சார்."

நான் கூரையைப் பார்த்தேன்.

"நான் வகுப்புல ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்" என்றார் அவர். "நீ எடுக்கற முடிவால யாருக்குத் தூக்கம் போகும்? அதை யோசிச்சிட்டு எடு. மத்த பசங்க எழுந்து பதில் சொல்றாங்க. இவன் மட்டும், எங்கப்பா எப்பவுமே தூங்கறதில்ல சார், அதனால அந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாதுன்னான். கிளாஸே சிரிச்சிது. எனக்குச் சிரிப்பு வரல."

எனக்கும் வரவில்லை.

"ஒரு வாரம் முயற்சி பண்ணுங்க. ஏதாவது ஒண்ணு கேட்டு வந்தா, நீயே முடிவெடுன்னு சொல்லிப் பாருங்க. சின்ன விஷயமா இருந்தாப் போதும்."

வீட்டுப்பாடத்தை நான் மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று, புருவத்தை உயர்த்தி, ஒரு பெரிய மனிதர் சொல்வது போல: "நீயே முடிவெடு." சரசு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரோட கதைக்கிறியள்?" என்றாள்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாம் நாள் காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றான்.

"அப்பா, ஒண்டு கேக்கோணும். ஸ்கூலிலை..."

"நீயே முடிவெடு" என்றேன்.

"இல்லை அப்பா, இது..."

"தம்பி, நான் சொல்லிப்போட்டன். நீயே முடிவெடு."

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. பிறகு, "சரி" என்று போனான். நான் பாதி நுரை பூசின முகத்தோடு, தகப்பன் என்ற பதவியில் எனக்கு ஒரு படி உயர்வு கிடைத்தது போல நின்றேன்.

5

மறுநாள் பின்னேரம். பள்ளிக்கூடம் விட்டு அவன் வரும் நேரம். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அந்த நேரத்துக்கு எனக்கு அங்கேதான் டியூட்டி. தெரு முனையில் நிர்மலனின் சைக்கிள் திரும்பியது. பச்சைச் சைக்கிள். அதை உருட்டிக்கொண்டு வந்தவன் நிர்மலன் இல்லை. ஏழுமலை. பஸ் டிப்போவில் வேலை செய்கிற மெக்கானிக்கின் மகன், இவனோடு படிக்கிறவன்.

ஏழுமலை சைக்கிளைக் கொண்டுவந்து கேட்டில் சாத்தினான். மேலே பார்த்தான்.

"நைனா, இந்தா சைக்கிளு. நிர்மலு குட்த்துட்டு வரச் சொன்னான்."

சுவருக்கு மேலால் குனிந்து, "அவன் எங்கை?" என்றேன்.

"அவன் இயக்கத்துல சேந்துக்கினான்ல? வேன் வந்து இட்டுகினு பூட்ச்சி."

கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். தெரு, டிப்போவின் சுவர், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணி எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் கேட்டில் சாத்தியிருந்த சைக்கிள் மட்டும் எங்கள் ஊர் வேலியில் சாத்தியிருந்தது. கடல் தாண்டி வந்து, ஆறு வருஷம் வகிடு எடுத்துச் சீவிவிட்டு, கடைசியில் அவனைக் கண்ணாடி முன் நின்று நானே வழியனுப்பி வைத்திருக்கிறேன். ஸ்கூலிலை என்று அவன் தொடங்கிய வாக்கியம் எங்கே போய் முடிந்திருக்கும் என்று இப்போது கேட்க ஆள் இல்லை.

நான் அண்ணியைப் போல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சரசு ஓடிவந்து என்னைப் பார்த்தாள், பிறகு கீழே சைக்கிளைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அவள் உட்காரவில்லை. படியில் இறங்கிப் போய் ஏழுமலையின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பையன் பயந்துபோனான். நானும் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் இறங்கினேன்.

"எந்த இயக்கம், தம்பி?"

"கைய உடும்மா, வலிக்குது. எழுத்தறிவு இயக்கம்மா. ஸ்டீபன் சாரு இட்டுகினு போறாரு. செங்க சூளைல வேல செய்றவங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றாங்கோ. இங்கதான், பூந்தமல்லிக்கு அந்தாண்ட. நாலு நாள் அங்கியே தங்கி. ஊட்ல பயந்துக்குவாங்கோ, நின்னு நெதானமா சொல்லிட்டு வாடான்னான்." அவன் என்னையும் சரசுவையும் மாறிமாறிப் பார்த்தான். "நான் தப்பா எதுனா சொல்லிட்டேனா?"

சரசு அவன் கையை விட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏழுமலை என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "எழுத்து சொல்லிக் குடுத்தா அழுவாங்களா நைனா?"

6

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி சிரித்துவிட்டுத் தேநீர் குடித்திருப்பான். எனக்குப் பயம் கூடியது. சுதாவும் முதலுதவி வகுப்பு என்றுதானே போனான். எதற்கும் தொடக்கத்தில் ஒரு நல்ல பெயர் இருக்கும். அது போக, ஸ்டேஷனில் சொல்லாமல் வெளியே இரவு தங்கப் போயிருக்கிறான். யாராவது விசாரித்து, பேச்சில் ஒரு 'எண்டு' தவறி விழுந்து, இவன் யார், இங்கே ஏன் நிற்கிறான் என்று கேட்டால்? இந்தக் காலத்தில், எங்கள் வாயிலிருந்து, 'நான் இயக்கத்தில் இருக்கிறேன்' என்ற வாக்கியம் வந்தால்? அதற்குப் பிறகு எந்த இயக்கம் என்று நிதானமாகக் கேட்க எல்லோரும் சரசு இல்லை.

"கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் அவள்.

கிடைத்த செருப்பை மாட்டினேன். எனக்குச் சைக்கிள் மிதிக்க முழங்கால் விடாது. ஏழுமலை மிதித்தான், நான் கேரியரில். போகிற வழியில்தான் ஸ்டேஷன். நிறுத்தச் சொன்னேன். உள்ளே போய் மகனுக்காக நானே சொல்லிவிடுவது என்று தீர்மானம். வாசல் வரை போனேன். உள்ளே ஒருவர் இருமினார். திரும்பி வந்து கேரியரில் ஏறிக்கொண்டேன்.

"இன்னா நைனா, உள்ள போவலியா? பயமா கீதா?"

"பயமில்லை தம்பி. வித்வான்கள் சும்மா கண்ட இடத்துக்குப் போறதில்லை."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "நைனா, உங்க ஒரு செருப்பு ப்ளூவு, ஒண்ணு பிரவுனு" என்றான். "அது எங்க ஊர் வழக்கம்" என்றேன். நம்பிவிட்டான். குமணன்சாவடி சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டேன். பெங்களூர்ப் பக்கம் போகிற லாரி ஒவ்வொன்றிலும் என் பிள்ளை ஏறிப் போவது போலத் தெரிந்தது.

7

பூந்தமல்லி தாண்டி வயல்களுக்குள் இறங்குகிற மண் பாதை. பச்சைக் கற்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. புகை மெல்ல எழும்பிய சூளைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வேலை முடிந்து, கைகளில் களிமண் இன்னும் முழுதாகப் போகாத ஆண்களும் பெண்களும் சிலேட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீபன் சார் ஒரு மூலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் என் பிள்ளை. முழங்காலில் நின்று, ஒரு பெண்ணின் சிலேட்டைப் பார்த்து, "இன்னாக்கா இது, கொம்பு எங்க?" என்று அதட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண்தான் என்னை முதலில் பார்த்தாள். "புது ஆளு வந்துகீது வாத்யாரே. ஒரு சிலேட்டு குடு."

"அது நிர்மலோட அப்பாக்கா" என்றான் ஏழுமலை.

"வாத்யாரோட அப்பாவா? உங்க புள்ள ரொம்பக் கறாரு சார். எம் பேரை மூணு வாட்டி அழிக்க வச்சுட்டான்."

நிர்மலன் திரும்பினான். என்னைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது. எழுந்து ஓடிவந்தான்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை."

"பேந்து ஏன் வந்தனீங்கள்?"

அவனைக் கொட்டகைக்கு வெளியே, கல் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப் போனேன். "ஸ்டேஷனிலை சொல்லாமல் இப்பிடி வந்து தங்கலாமோ? எங்கட நிலைமை உனக்குத் தெரியாதோ?"

"காலமை போய்ச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

"ஆரோட போனனீ?"

"தனிய."

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். எப்போது என்னைவிட உயரமானான் என்று தெரியவில்லை.

"என்ன கேட்டவை?"

"எங்கை, எத்தினை நாள், ஆர் பொறுப்பு எண்டு கேட்டவை. சாரின்ர பேரைச் சொன்னன். மிருதங்க வித்வான்ர மகனோ எண்டும் கேட்டார். இல்லை, எங்கட ஊரிலை கச்சேரி எண்டால் ஆபீஸ் எண்டு சொன்னன். சிரிச்சுப்போட்டு வெட்டி எழுதினார்."

ஆறு வருஷமாக நான் நடுங்கி நடுங்கிக் காத்த வித்துவம் அப்படி ஒரு காலைப்பொழுதில் போயிற்று.

"எனக்கு ஏன்டா சொல்லேல்லை?"

"கேக்க வந்தனான். நீங்கள் கேக்க விடேல்லை." அவன் குரலில் கோபம் இல்லை. "இரவு முழுக்க யோசிச்சனான். போனால் உங்களுக்கு நித்திரை வராது, போகாட்டிலும் உங்களுக்கு நித்திரை வராது. அப்ப போவம் எண்டு நினைச்சன்."

"சைக்கிள் மட்டும் வீட்டை வந்தால் அதுக்கு என்ன அர்த்தம் எண்டு உனக்கு நினைவில்லையோ?"

அவன் காலால் ஒரு உடைந்த செங்கல்லைப் புரட்டினான்.

"நினைவிருக்கு. சுதாண்ணாட சிநேகிதன் ஒண்டும் சொல்லாமல் போனவன். பெரியம்மா வேலியடியிலை இருந்தவ. அதுக்குத்தான் ஏழுமலையை நிண்டு எல்லாம் சொல்லிப்போட்டு வா எண்டனான்."

"அவன் முதல் சொல்லிலேயே என்னைச் சாக்காட்டிப்போட்டான்."

நிர்மலன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. என் செருப்புகளைப் பார்த்தான். என் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்: "வாத்யாரே, கொம்பு போட்டுட்டேன், வந்து பாரு."

"வாறன்க்கா" என்றான். இரண்டு பாஷையும் ஒரே சொல்லில் கலந்து வந்தது. கையோடு கூட்டிப் போக வந்தவன் நான். வீட்டை வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக, ஆறு வருஷமாக எனக்குள்ளே வைத்து, அவனைப் பார்த்துக் கேட்கப் பயந்திருந்த வேறொன்று வந்துவிட்டது.

"தம்பி, நாங்கள் அங்கையே இருந்திருந்தால், நீயும் போயிருப்பியோ?"

யோசித்தான். அவன் யோசிப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்லிவிடு, பொய்யாகவாவது சொல்லிவிடு என்று என் முகம் முழுக்கக் கெஞ்சியிருக்க வேண்டும்.

"உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போயிருப்பன்."